ஒரு முழம் கம்பி

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. நான்காவது முறை, அதற்கு என்ன தோன்றுமோ, ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் கிளம்பிவிடும். பழைய பாய்ப்படகு வைத்திருப்பவர்களில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர் குறைவு. முதல் பழி பேட்டரி மேல் விழும். புதிது வாங்கிப் போட்டால் ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒரு குறையும் இல்லை என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மறுபடி 'டிக்'.

காற்றில் ஓடுகிற படகுக்கு எஞ்சின் கிளம்பாவிட்டால்தான் என்ன என்று கரையில் இருப்பவர் கேட்கலாம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வாயிலில் ஓதநீர் மணிக்கு நாலு கடல்மைலுக்கு மேலும் ஓடும். காற்று விழுந்துவிட்டால் அந்த ஓட்டத்துக்கு எதிரே பாய் வெறும் துணிதான்.

ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் கதை மாறும். பேட்டரியின் இரு முனைகளில் 12.6 வோல்ட், குறையே இல்லை. ஒருவரைச் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டில் சாவியிலிருந்து வரும் சிறு கம்பி சேரும் இடத்தில் அளந்தால் எட்டு வோல்ட் சொச்சம். நாலு வோல்ட் வழியிலேயே செலவாகிவிட்டது. அந்த வழி எது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

பேச்சுக்கு ஒரு படகு வேண்டும். கேட்டலினா 30-ஐ வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் 1970களின் நடுவிலிருந்து மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கட்டப்பட்ட, 6,000-க்கு மேற்பட்டவை தண்ணீரில் இறங்கிய முப்பதடி ஃபைபர் படகு. தொடக்கத்தில் பலவற்றில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அணு பெயரில் மட்டும்தான். 1980களில் அந்த இடத்துக்கு யுனிவர்சல் டீசல்கள் வந்தன. அவற்றில் எம்-25 என்பது மூன்று சிலிண்டர், 21 குதிரைத்திறன். வெளியே படகு எஞ்சினின் சட்டை. உள்ளே இருப்பதோ குபோட்டா டிராக்டர் எஞ்சின். காவிரிப் படுகையில் நடவு இயந்திரத்தின்மேல் பார்க்கிறோமே, அந்த குபோட்டாதான். வயலில் உழுதவனைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எஞ்சின் தாங்கிவிட்டது. அதைச் சுற்றிய ஒயர்களுக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளவில்லை.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இறுக்கினால் சூடேறும்; அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றும். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், தொட்டியிலிருந்து எண்ணெய் இறைக்கும் சிறு மின்பம்பைத் தவிர அதற்கு மின்சாரம் என்று ஒன்று வேண்டியதில்லை. சாவியை அணைத்தாலும் உடனே நிற்காது. ஒரு கைப்பிடியை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். பிறகு இத்தனை கம்பிகள் எதற்கு? எஞ்சினைக் கிளப்ப. கிளம்பிய பின் அதன் நலம் விசாரிக்க. போகிற போக்கில் அது பேட்டரிக்கு ஊட்டும் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்க.

கிளப்புவதும் ஊட்டுவதும் சுமை. பத்துக்கணக்கான, நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள். நலம் விசாரிப்பது சேதி. அதற்கு ஆம்பியரில் ஒரு சிறு பின்னம் போதும். பழைய படகின் மின்கோளாறுகள் எல்லாமே சுமையையும் சேதியையும் ஒரே பாதையில் அனுப்பியதால் வந்தவை என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

ஏனென்றால் அன்றைய கருவிப் பலகையில் ஓர் அம்மீட்டர் இருந்தது. பேட்டரிக்குள் எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும் வட்டம். இந்த வகை அம்மீட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அளக்க வேண்டிய மின்னோட்டம் முழுவதும் அதன் வயிற்றுக்குள் புகுந்து வெளிவர வேண்டும். எஞ்சின் இருப்பது அறைக்குள், படிக்கட்டின் அடியில். பலகை இருப்பது மேல்தளத்தில், சுக்கான் பிடிப்பவரின் காலருகே. ஆகவே ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் 50 ஆம்பியரும் நாலரை மீட்டர் மேலேறி, அம்மீட்டருக்குள் தலைகாட்டிவிட்டு, நாலரை மீட்டர் கீழிறங்கி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கிய அரிசி மூட்டையை நிறுத்துப் பார்க்க அடுத்த ஊர் வரை சுமந்துகொண்டு போய்த் திரும்புவது போல.

கணக்குப் போட்டுவிடலாம். சுமார் 5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பிக்கு மீட்டருக்கு 3.3 மில்லி ஓம் தடை. ஒன்பது மீட்டருக்கு 0.03 ஓம். கேட்டால் ஒன்றுமில்லாத எண். ஆனால் 50 ஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே ஒன்றரை வோல்ட் விழும். 14.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பேட்டரிக்கு 12.7தான் போய்ச் சேரும். நாள் முழுக்க எஞ்சினை ஓட்டியும் அது அரை வயிற்றோடு நிற்கும். ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் தன் காலடியில் 14.2 இருப்பதைப் பார்த்துக் கடமை முடிந்தது என்று திருப்தியாக இருக்கும். தொலைந்த வோல்ட்டுகள் எங்கும் போகவில்லை, சூடாக மாறின. ஒன்றரை வோல்ட், 50 ஆம்பியர், 75 வாட்.

ஒன்பது மீட்டருக்குப் பரவிய 75 வாட்டைக் கம்பி தாங்கிக்கொள்ளும். ஓரிடத்தில் குவிந்தால்தான் வினை. குவிய இடமும் இருந்தது. எஞ்சினைச் செய்தவர் ஓரிடம், படகைக் கட்டியவர் ஓரிடம். இரண்டையும் சடுதியில் இணைக்க, லாரியின் பின்னால் டிரெய்லர் மாட்டும்போது விளக்குகளுக்குச் செருகுவது போன்ற பல ஊசி பிளக் ஒன்று எஞ்சின் பக்கம், ஒன்று பலகைப் பக்கம். அம்மீட்டருக்குப் போய் வரும் மின்சாரம் இந்த ஊசிகளை நாலு தடவை கடந்தாக வேண்டும்.

ஒரு ஊசியும் அதன் துளையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொல்கிறோம். எவ்வளவு தொடுகின்றன? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ரக்னர் ஹோம் என்ற ஸ்வீடன்காரர். பெர்லினில் சீமென்ஸில் இருந்தபடி உலோகத் தொடுமுனைகளை ஆராய்ந்தார். மின்தொடர்புகள் பற்றி அவர் எழுதிய நூலை இத்துறைக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எத்தனை வழவழப்பாகத் தேய்த்தாலும் உலோகப் பரப்பு நுண்ணளவில் கரடுமுரடுதான். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்தினால் தோலும் தோலுமா ஒட்டுகின்றன? சில முள்நுனிகள் மட்டும் முட்டிக்கொள்கின்றன. உலோகமும் அப்படியே. செம்பை ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலும், அதன் கடினத்தன்மையைக் கொண்டு கணக்கிட்டால், மெய்யாகவே தொடும் பரப்பு சதுர மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஊசி எவ்வளவு பருமனாக இருந்தாலும் சரி, 50 ஆம்பியரும் அந்தச் சந்துகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும்.

ஹோம் சொன்னதில் எனக்குப் பிடித்தது, பரப்பு பெரிதாவதால் தொடுகை கூடாது, அழுத்தம் கூடினால்தான் கூடும் என்பது. பெரிய பிளக் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்முடைய பொதுப்புத்தி அங்கே அடிபடுகிறது. அழுத்தத்தைக் கொடுப்பது துளைக்குள் இருக்கும் சிறு வில்தகடு. கீழே டீசல் எஞ்சின் அதிர, முட்டி நிற்கும் முள்நுனிகள் நூலிழை அளவு உரசி உரசி இடம் மாறும். உரசிய இடத்தில் புது உலோகம் வெளிப்படும். அதை ஆக்சிஜன் உடனே மூடும். மூடிய துகள் சந்தில் தங்கும். வண்டி மெக்கானிக் 'லூஸ் கான்டாக்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் இத்தனை நடக்கிறது.

கடல் தன் பங்குக்கு உப்பைத் தருகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சையாகும். பூஜைப் பாத்திரத்தில் புளி போட்டுத் தேய்ப்போமே, அந்தக் களிம்பு. சாதாரண செம்பு ஒயரை முனையில் வெட்டி உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே கரிக்கோடு போல இருக்கும். இன்னும் ஒரு சாண் தள்ளி உரித்தாலும் அதே கறுப்பு. நுண்ணிய இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் விளக்குத்திரி எண்ணெய் ஏற்றுவது போல ஈரத்தை உறைக்குள் ஏற்றிக்கொண்டே போகும். அதனால்தான் பழைய படகில் கெட்ட முனையை மட்டும் வெட்டிப் புதிய லக் (முனைக்கொக்கி) மாட்டுவது பெரும்பாலும் வீண் வேலை. புதிய லக் பிடித்துக்கொண்டிருப்பது கறுத்த செம்பை.

படகுக்கென்று விற்கும் ஒயரின் ஒவ்வோர் இழையும் வெள்ளி போல மின்னும். வெள்ளி இல்லை, வெள்ளீயம். "ஈயம் பூசறதேய்" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர், துருத்தி ஊதி, நவச்சாரப் புகை கிளப்பி, பித்தளை அண்டாவின் உட்புறத்தைப் பளபளவென்று ஆக்கித் தந்தாரே, அதே வேலைதான். புளிக்குழம்பில் களிம்பு இறங்காமல் இருக்க நம் வீட்டில் செய்ததை, உப்புக் காற்று செம்பைத் தொடாமல் இருக்கக் கம்பித் தொழிற்சாலையில் செய்கிறார்கள். வெள்ளீயத்தின் மேலும் ஆக்சைடு படரும். ஆனால் அது மெல்லியது, அடங்கி நிற்கும், லக்கை இறுக்கும்போது எளிதில் உடைந்து வழிவிடும்.

இனி அந்த பிளக்குக்குத் திரும்பலாம். களிம்பேறிய ஓர் ஊசியில் தடை 0.02 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 50 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு 50 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட். ஆக, கட்டைவிரல் அளவு ரப்பர் மூடிக்குள் இரண்டு சால்டரிங் அயர்ன்கள். சூட்டில் வில்தகடு தளரும்; தளர்ந்தால் அழுத்தம் குறையும்; தடை ஏறும்; சூடும் ஏறும். உருகிப் பழுப்பாகிப் போன பிளக்கைப் பார்த்த படகுக்காரர்கள் பலர். ஃபைபர் உடல், டீசல் தொட்டி, மூடிய அறை. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

சொலினாய்டுக்குப் போகும் மின்சாரமும் இதே ஊசிகளைக் கடந்து சாவிக்கு ஏறி இறங்குகிறது. இழுக்கும் அந்த ஒரு கணத்தில் அதற்குச் சில பத்து ஆம்பியர் வேண்டும். நாலு வோல்ட் போன வழி தெரிந்துவிட்டதல்லவா? குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளின் நிலை இன்னும் மோசம். மூன்றும் சேர்ந்து 25, 30 ஆம்பியர் இழுக்கும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12-க்குப் பதில் 9 வோல்ட் கிடைத்தால் சூடு முக்கால் பங்கு ஆகாது, பாதிக்குச் சற்று மேலே நிற்கும். வாங்கிய புதிதில் பதினைந்து எண்ணும்வரை பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருந்த படகில், பத்து வருடம் கழித்து அறுபது வரை எண்ணுவார்கள். எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று அவர்களே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

மாற்று வழி வெட்கப்படும் அளவுக்கு எளிது. ஆல்டர்னேட்டரின் வெளிமுனையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு ஒரு முழம் தடித்த கம்பி. அந்த போல்ட்டில் பேட்டரியின் கனமான கேபிள் ஏற்கெனவே வந்து நிற்கிறது. 13 சதுர மில்லிமீட்டர் கம்பி அரை மீட்டர் என்றால் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கம்பியில் 50 ஆம்பியருக்கு 0.03 வோல்ட் விழும், ஒன்றரை வாட் சூடு. பலகையிலிருந்து அம்மீட்டர் வெளியே, அதே துளையில் வோல்ட்மீட்டர் உள்ளே. வோல்ட்மீட்டர் கேட்பது சேதி மட்டும், முடியளவு மின்சாரம் போதும் அதற்கு. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி நின்றால் ஊட்டம் நடக்கிறது, 12.5-இல் நின்றால் நடக்கவில்லை. ஆம்பியர் எண் தெரியாமல் இருக்க முடியாது என்பவர் பேட்டரி அருகே ஷன்ட் என்ற சிறு தடை ஒன்றை வைத்து, அதன் குறுக்கே விழும் மில்லிவோல்ட்டை மெல்லிய கம்பியில் மேலே அனுப்பலாம். சொலினாய்டுக்கும் குளோ பிளக்குக்கும் எஞ்சின் பக்கத்திலேயே ஒவ்வொரு ரிலே. சாவியும் பொத்தானும் அந்த ரிலேக்களுக்கு உத்தரவு மட்டும் போடும். பல ஊசி பிளக்குகள் இரண்டும் குப்பைக்கு. அந்த இடத்தில் திருகு வைத்த டெர்மினல் பட்டை.

சேதிக்கம்பிகளை அலட்சியம் செய்யவும் முடியாது, அவை பொய் சொல்லும். மசகெண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஊசி உண்மையில் அளப்பது ஒரு தடையை. அமெரிக்க வகை உணரிகளில் பொதுவாக அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். வழியில் களிம்பு முப்பது ஓம் சேர்த்தால், நல்ல எஞ்சினை நோயாளியாக்கி ஊசி தாழும். அது வெறும் பதற்றம். குளிர்நீரின் வெப்பத்தைக் காட்டும் ஊசி செய்வதுதான் துரோகம். அந்த உணரியின் தடை சூடேற ஏறக் குறையும். ஆகவே கம்பியில் கூடிய தடை கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்ததாகக் காட்டும். அதே களிம்பு, ஒரு வட்டத்தில் இல்லாத நோயைச் சொல்கிறது, பக்கத்து வட்டத்தில் இருக்கும் நோயை மறைக்கிறது. சுழற்சிமானிக்கு வேறொரு குணம்: பல படகுகளில் அது ஆல்டர்னேட்டரின் மாறுமின் துடிப்புகளை எண்ணித்தான் எஞ்சின் வேகத்தைச் சொல்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பூஜ்யத்துக்கு விழுந்தால், கெட்டது பெரும்பாலும் மானி இல்லை, ஊட்டம்தான்.

வேலை தொடங்கும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஈய அமில பேட்டரியில் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், ஸ்பேனர் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு எதையும் வெட்டாமல் ஒவ்வொரு முனைக்கும் ஒரு சீட்டு, ஒரு புகைப்படம், தாளில் ஒரு படம். பழைய படகில் நாலு சொந்தக்காரர்களின் கைவேலை இருக்கும். எங்கும் போகாத கம்பி ஒன்று, நடுவில் நிறம் மாறிய கம்பி ஒன்று, டேப் சுற்றிய மர்ம முடிச்சு ஒன்று கட்டாயம் கிடைக்கும். புதியதை நிறம் பார்த்து இழுப்பது நல்லது. அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் வகுத்த பட்டியலில் சாவியிலிருந்து பலகைக்கு ஊதா, சொலினாய்டுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள், எண்ணெய்க்கு வெளிர்நீலம், நீர்வெப்பத்துக்கு மங்கல் பழுப்பு, சுழற்சிமானிக்குச் சாம்பல். எதிர்முனைக்குக் கறுப்பைவிட மஞ்சளை அவர்கள் விரும்புகிறார்கள். அமெரிக்க வீட்டு ஒயரிங்கில் கறுப்புதான் உயிருள்ள கம்பி, கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாதே.

முனையைச் சால்டர் வைத்து ஒட்டினால்தான் உறுதி என்று நம் ஊர் கைகளுக்கு ஒரு நம்பிக்கை. அதிரும் இடத்தில் அது பலிக்காது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்து கம்பியைக் குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து நூல் தொடங்கும் அந்தக் கோட்டில் நாளடைவில் முறியும். குறட்டால் நசுக்குவதும் சரியில்லை. அளவான அச்சுள்ள ராட்செட் கிரிம்பர் லக்கையும் இழைகளையும் சேர்த்து இறுக்கும்போது முள்நுனிகள் மசிந்து, உலோகம் உலோகத்தோடு சூடில்லாமலே ஒட்டிக்கொள்ளும். காற்றுகூட நுழைய இடமிருக்காது. ஹோம் கேட்ட அழுத்தம் அங்கே நிரந்தரமாகக் கிடைத்துவிடுகிறது. மேலே பசை வைத்த, சூட்டில் சுருங்கும் உறை. லக்குக்கு முன் கம்பி ஒரு வளைவு கீழே தொங்கி ஏற வேண்டும், சொட்டும் நீர் வளைவிலேயே விழட்டும். பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு கிளிப். பலகைக்குப் போகும் கம்பி பெரிய போல்ட்டிலிருந்து புறப்பட்ட ஏழு அங்குலத்துக்குள் ஒரு பியூஸ். பியூஸ் காப்பது கம்பியைத்தான், கருவியை அல்ல.

எஞ்சினின் இரும்புடலே எதிர்முனைப் பாதை என்பதால், அதன் எர்த் போல்ட்டை பெயின்ட் போகத் தேய்த்து இறுக்க வேண்டும். அந்த உடல் தண்டு வழியாக விசிறியோடும், விசிறி கடலோடும் தொடர்பில் இருக்கிறது. உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்தால் ஒன்று கரையும் என்பதை வைத்து 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு யோசனை சொன்னார்: கப்பலின் செப்புத் தகடுகளோடு துத்தநாகமோ இரும்போ சேர்த்துவிடுங்கள், அது கரையட்டும், செம்பு பிழைக்கட்டும். சோதித்த கப்பல்களில் ஒன்று, கொச்சியில் தேக்கால் கட்டிய சமரங். செம்பு பிழைத்தது. கூடவே பாசியும் கொட்டலசும் மொய்த்துக்கொண்டன, கரையும் செம்புதான் அதுவரை அவற்றைக் கொன்றுகொண்டிருந்தது. இன்றும் பாய்ப்படகின் விசிறித்தண்டில் துத்தநாக வளையம் உண்டு. அது சமாளிப்பது ஒரு வோல்ட்டுக்குக் குறைவான இயற்கைச் சண்டையை. அடித்தளத் தண்ணீரில் கிடக்கும் ஓர் உரிந்த கம்பி 12 வோல்ட்டைக் கசியவிட்டால் அந்த வளையத்தால் ஈடுகொடுக்க முடியாது.

எல்லாம் முடிந்து பேட்டரியை இணைத்த பின் சாவியைப் பாதி திருப்பினால் அலறல் கேட்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் இல்லை என்று பஸ்ஸர் கத்துகிறது; அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும் சுவிட்ச் அது. எஞ்சின் நிற்கும்போது கத்தாத பஸ்ஸர், ஓடும்போதும் கத்தாது. குளோ பொத்தானை அழுத்திப் பதினைந்து எண்ணுங்கள். கீழே ரிலேயின் சின்ன 'டிக்', உடனே செல்ஃபின் உறுமல், இரண்டு சுற்று, எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸர் அடங்குகிறது. வோல்ட்மீட்டர் மெல்ல ஏறி 14.1-இல் நிற்கிறது. படிக்கட்டைத் தூக்கிவிட்டு, அந்த ஒரு முழக் கம்பியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 0.03. கையால் தொட்டுப் பார்த்தால் கம்பி குளிர்ந்திருக்கிறது.